முதுகுக்குப் போன கை

காலை பதினொன்று இருபதுக்கு என் மகளின் முகம் மாறியது. நேரம் எனக்குத் தெரிந்திருந்ததற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டு மணியோடு நல்ல நேரம் முடிகிறது. அதற்குள் வளையல் அடுக்கி, ஆரத்தி எடுத்து, அவளைக் காரில் ஏற்றித் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போய்ப் படுக்க வைத்துவிட வேண்டும் என்று விடிந்ததிலிருந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழுப்புரத்தில் சம்பந்தி வீட்டு ஹாலில் பெண்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆண்களெல்லாம் வெளியே பந்தலில், பிளாஸ்டிக் நாற்காலிகளில். நான் மட்டும் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா சம்பந்தி, வாசல்ல நின்னுக்கினு காவல் காக்கறீங்களா? ஒங்க பொண்ண நாங்க இன்னா கடத்திக்கினா போயிடுவோம்?" என்று மகளின் மாமியார் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்ததைச் சொன்னார்: "ஆளப் பாருங்கடி, இத்தினூண்டு உசரம்! தெருவுல நடந்து வந்தா வயிறு மொதல்ல வருது, இவ பின்னால வர்றா."

மகளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. வாய் மட்டும் சிரித்தபடி இருக்க, கண்கள் எதையோ உற்றுக் கேட்பதுபோல ஆகிவிட்டன. பிறகு சந்தனம் பூசிய அவளுடைய இடது கை மெல்லப் பின்னால் போய் முதுகின் நடுவைத் தொட முயன்றது.

அந்தக் கை ஏன் அங்கே போனது என்று அந்த வீட்டில் இருந்தவர்களில் எனக்கும் என் மனைவிக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். என் மனைவி அப்போது சமையலறையில் ஐந்து வகைச் சோற்றைப் பாத்திரங்களில் மாற்றிக்கொண்டிருந்தாள்.

அதைச் சொல்வதற்கு நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் மகள் சிறுவயதிலிருந்தே உயரம் குறைவு. பள்ளியில் வரிசையாக நிற்க வைத்தால் எப்போதும் முதல் ஆள். பதினைந்து வயதில் பெரியவளானாள். கொஞ்சம் தாமதம்தான், ஆனால் தானாகவே ஆனாள். அதனால் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. பி.எஸ்சி. முடித்தாள், கல்யாணமானது. கணவர் கத்தாரில் ஏ.சி. மெக்கானிக், வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். இரண்டு முறை கரு நின்று இரண்டு முறையும் கலைந்தது. இரண்டாவது முறைக்குப் பிறகு புதுச்சேரியில் ஒரு பெண் டாக்டர் அவளுடைய ரத்தத்தைக் குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்பினார்.

பெண்ணுக்கு ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருக்க வேண்டும், உங்கள் மகளுக்குச் சில செல்களில் இரண்டும் இருக்கிறது, சில செல்களில் ஒன்றுதான் இருக்கிறது என்றார் டாக்டர். டர்னர் குறைபாடு, அதில் கலப்பு வகை. அதனால்தான் உயரம் இல்லை. அதனால்தான் கரு தங்கவில்லை. கருமுட்டைகள் மற்றவர்களுக்குத் தீர்வதைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

நான் கால்நடைத் துறையில் ஆய்வாளர். ஊர்க்காரர்கள் என்னை சினை ஊசிக்காரர் என்பார்கள். டாக்டர் சொல்லச் சொல்ல எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்று நினைக்கிற அளவுக்குப் புரிந்தது. இரட்டைக் கன்றில் ஒன்று காளையும் ஒன்று கிடாரியுமாக இருந்தால் அந்தக் கிடாரி பெரும்பாலும் சினை பிடிக்காது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே இரண்டின் ரத்தமும் கலந்து, காளையின் செல்கள் கிடாரிக்குள் தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அழகான கிடாரியாக வளரும். வல்லம் பக்கத்தில் ஒரு விவசாயி அப்படியொரு கிடாரியைப் பிடித்துக்கொண்டு, "சார், எத்தினி ஊசி போட்டாலும் நிக்க மாட்டேங்குதே" என்று கேட்டபோது, நான் கையைக் கழுவிக்கொண்டே, "இது நிக்காதுங்க. வச்சிக்கினு தீனி போடறது வீண்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பியிருக்கிறேன். அவர் வீட்டுப் பெண்பிள்ளை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றது.

அன்று டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மனைவியிடம் இதைச் சொல்லத் தொடங்கினேன். காளையோடு பிறந்த கிடாரி என்ற வரையில்தான் சொல்லியிருப்பேன்.

"மாட்டோட சேத்துப் பேசாத எம் பொண்ண" என்றாள். பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் நடுவில். அதற்குப் பிறகு திண்டிவனம் வரும் வரைக்கும் அவள் என் பக்கம் திரும்பவில்லை.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். வேறொரு பெண்ணின் கருமுட்டையைக் கொண்டு குழந்தைக்கு முயலலாம், அதற்கு வழி இருக்கிறது. ஆனால் முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும். இந்தக் குறைபாடு உள்ள சிலருக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய், அயோர்ட்டா, அகன்றிருக்கும். கர்ப்பத்தில் உடம்பில் ரத்தம் கூடும்போது அதன் சுவர் கிழியக்கூடும். கிழிந்தால் பிள்ளைக்கு மட்டும் ஆபத்து இல்லை, தாய்க்கும்தான். ஸ்கேன் எடுத்தார்கள். அவளுடைய உயரத்துக்கு இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அகலம். இப்போதைக்குக் குழந்தை வேண்டாம், பொறுத்துப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார்கள்.

மாப்பிள்ளை லீவில் வந்துவிட்டுப் போனார். பொறுத்துப் பார்க்கிற நாட்களிலேயே கரு தானாக நின்றுவிட்டது.

எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்க வேண்டிய செய்தி. நானும் மனைவியும் அவளை அழைத்துக்கொண்டு பயந்துபோய் டாக்டரிடம் ஓடினோம். இப்போதே கலைத்துவிட்டால் ஆபத்து குறைவு, வைத்துக்கொள்வதானால் மாதாமாதம் இதயத்தைப் பார்க்க வேண்டும், முடிவு உங்களுடையது என்றார் டாக்டர். பிறகு மகளின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: நெஞ்சிலோ, தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகிலோ திடீரென்று கிழிக்கிற மாதிரி வலி வந்தால் ஒரு நிமிடமும் யோசிக்கக் கூடாது. எந்த ஆஸ்பத்திரியானாலும் போய், உள்ளே நுழையும்போதே அயோர்ட்டா என்ற சொல்லைச் சொல்லிவிட வேண்டும்.

திரும்பி வரும் வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். மகள் டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாம்மா பண்ணலாம்?" என்று கேட்டேன்.

"வச்சிக்கறேம்ப்பா."

"ஒனக்கு ஒண்ணு ஆச்சின்னா?"

"ஆவாம பாத்துக்கலாம். ரெண்டு தடவ ரத்தமா போனப்ப நீங்க யாரும் இவ்ளோ பயப்படல. இப்ப நிக்குதுன்னதும் பயப்படறீங்க."

அவளுடைய அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். மகள் கேட்கவில்லை. அன்று மாலை மாப்பிள்ளை வீடியோவில் பேசினார். "அவ இன்னா சொல்றாளோ அதான் மாமா" என்றார். பிறகு, "ஆனா எனக்கு அவ வேணும்" என்றார்.

மாமியார் வீட்டுக்கு பிரஷர் என்று மட்டும் சொல்லியிருந்தோம். அது மகளின் ஏற்பாடு. குழந்தை பிறக்கட்டும், பிறகு நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றாள். குரோமோசோம் என்றால் தெருவில் அது என்னவாக மாறும் என்று அவளுக்குத் தெரியும். ஆறு மாதம் வரை ஸ்கேனில் அளவு கூடவில்லை. ஏழாம் மாதத்தில் சிறிது கூடியது. இன்னும் சில வாரம் தள்ளி, நாள் குறித்து, ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றார்கள். வளைகாப்பு வேண்டுமா என்று நான் டாக்டரிடம் கேட்டேன். அவர் மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்த பார்வையில், "சரி, சீக்கிரம் முடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

அவள் அதற்கு ஏன் அப்படி ஆசைப்பட்டாள் என்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வளைகாப்பில், பிள்ளை இல்லாத பெண் யாராவது இருந்தால் அவளைக் கர்ப்பிணிக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். கர்ப்பிணி தன் கையாலேயே அவளுக்கு வளையல் போட வேண்டும். போட்டால் அவளுக்கும் தங்கும் என்று நம்பிக்கை. கல்யாணமான இரண்டாம் வருடத்திலிருந்து சொந்தத்தில் எந்த வளைகாப்பு நடந்தாலும் என் மகள் அந்தப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தாள். கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். மாட்டேன் என்று சொல்ல முடியாது. சிரித்த முகமாக உட்கார்ந்து, வளையல் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து கழற்றிப் பீரோவில் போடுவாள்.

அன்று அவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடத்தில் எதிர் வீட்டு மருமகள் கையை நீட்டிக்கொண்டு இருந்தாள். நாலு வருடமாகப் பிள்ளை இல்லாத பெண்.

மகளின் கை முதுகுக்குப் போனதைப் பார்த்தும் நான் உடனே உள்ளே போகவில்லை. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு விளங்கவில்லை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், நலங்கு நடக்கிறது, ஆண் உள்ளே போகக் கூடாது. யாரும் சொல்லித் தராமலே காலில் இருக்கிற பழக்கம் அது. நிலைப்படியில் நின்றபடியே, "இன்னாம்மா?" என்று கேட்டேன். எனக்கே கேட்காத குரலில்.

அதே நேரம் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, வலிக்குதா?" என்றாள்.

"இல்லம்மா. இவளுக்குப் போட்டுட்டு எழுந்திருக்கறேன்."

எதிர் வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்தாள். ஒரு பச்சை வளையலை ஏற்றினாள். இன்னொன்றை எடுத்தாள். அந்தப் பெண்தான் முதலில் கத்தினாள். "ஐயோ, அக்கா கை ஐஸ் மாரி இருக்குது! வேர்த்து ஊத்துது!"

அதன் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சூட்டு வலி என்று ஒரு குரல். ஏழாம் மாதத்தில் சூட்டு வலி வரும், சீரகத் தண்ணீர் கொடுங்கள் என்றது. வாயு பிடித்துக்கொண்டது, சுக்கைத் தட்டிப் போடு என்றது இன்னொன்று. யாரோ விளக்கெண்ணெய் எடுத்து வந்தார்கள். அவளைச் சுவரில் சாய்த்து, மின்விசிறியை வேகமாக வைத்து, ஒரு டம்ளரை வாயருகே கொண்டுபோனார்கள். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. அவர்கள் எல்லோரும் பிள்ளை பெற்றவர்கள், அவர்கள் பார்த்த வலிகள் எல்லாம் இந்த வைத்தியத்துக்கு அடங்கியவை. அன்று அந்த வீட்டில் பிரஷர் என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"அப்பா" என்றாள் மகள்.

அப்போதுதான் நான் படியைத் தாண்டினேன். தாம்பாளங்களை மிதித்துக்கொண்டு போனேன். குனிந்து அவளைத் தூக்கினேன். உயரம் குறைந்த பெண், வயிற்றில் பிள்ளையோடும் தூக்க முடிந்தது. அவளுடைய மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "சம்பந்தி, ஆரத்தி எடுக்காம வாசப்படி தாண்டக் கூடாது. ஒரு நிமிஷம், கரைச்சி வச்சிருக்கறேன்."

"அவ நெஞ்சில ரத்தக்கொழாய் கிழிஞ்சிடுச்சிம்மா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த ஆரத்தித் தட்டைக் கீழே வைக்கக்கூட இல்லை, அப்படியே விட்டுவிட்டார். பிறகு எனக்கு முன்னால் ஓடிக் காரின் கதவைத் திறந்தவர் அவர்தான்.

முதலில் விழுப்புரத்திலேயே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நுழையும்போதே அந்தச் சொல்லைச் சொன்னேன். டாக்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார். கை நிறைய வளையல்கள் இருந்தன. ஊசி ஏற்ற இடமில்லை, கழற்றவும் நேரமில்லை. பிரசவம் வரை கழற்றக் கூடாது என்று போட்ட கண்ணாடி வளையல்களைத் துணியைச் சுற்றி நர்ஸ் உடைத்தார். என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டது சம்பந்தி அம்மாள்.

கிழிந்துதான் இருந்தது. இதய ஆபரேஷன் புதுச்சேரியில்தான் செய்ய முடியும் என்று ஆம்புலன்சில் ஏற்றினார்கள். நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வளவனூரில் கரும்பு டிராக்டர்கள் இரண்டு, பாதையை அடைத்துக்கொண்டு ஒன்றையொன்று முந்தப் பார்த்துக்கொண்டிருந்தன. டிரைவர் கண்ணாடியை இறக்கி, "யோவ், ஓரங்கட்டுயா! உள்ள ரெண்டு உசுரு இருக்குதுயா!" என்று கத்தினார். ரெண்டு என்று அவர் சொன்னபோதுதான் எனக்குப் பிள்ளையின் நினைவு வந்தது. அதுவரை நான் ஒன்றைத்தான் எண்ணிக்கொண்டு வந்தேன்.

முதலில் பிள்ளையை எடுத்துவிட்டு, அதே மேசையில் இதயத்தைத் திறப்போம் என்றார்கள். யாருடைய உயிருக்கும் உறுதி சொல்ல மாட்டோம் என்றும் சொன்னார்கள். கதவு மூடியது.

வெளியே இரும்புப் பெஞ்சில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். சம்பந்தி அம்மாள் கேட்டார்: "பிரஷர்னுதான சொன்னீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பிறக்கும்போதே அவளுக்கு உள்ளே இப்படி அமைந்துவிட்டது, அது யாருடைய குற்றமும் இல்லை, இதயத்துக்கு ஆகாது என்று தெரிந்துதான் அவள் பிள்ளையை வைத்துக்கொண்டாள் என்று சொன்னேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லி இருந்தா, புள்ள வேணும்னா நான் சொல்லி இருக்கப்போறேன்?" என்றார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, "சொல்லி இருப்பேன். வேணும்னுதான் சொல்லி இருப்பேன்" என்றார்.

பிள்ளை உயிரோடு வந்தது. பெண். மகளும் மேசையிலிருந்து உயிரோடு வந்தாள். கிழிந்த இடத்தில் செயற்கைக் குழாய் வைத்துத் தைத்திருக்கிறோம், சுவாசக் கருவியில் மயக்கத்தில்தான் வைத்திருப்போம், எழுப்பும்போதுதான் எதையும் சொல்ல முடியும் என்றார்கள்.

பிள்ளையைப் பார்க்க என்னை ஒரு முறை உள்ளே விட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அதன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூச்சு வராமல் விழுந்த கன்றுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். வைக்கோலை எடுத்து விலாவில் தேய்ப்போம், மூக்கில் சளியை வழிப்போம், பின்னங்காலைப் பிடித்துத் தூக்குவோம். ஏதாவது ஒன்றுக்குச் சிலிர்த்து எழுந்துவிடும். அந்தப் பெட்டிக்கு முன்னால் என் கைகளுக்கு எந்த வேலையும் இல்லை. நர்ஸ், "தொடணுமாங்க?" என்று கேட்டார். வட்டமான திறப்பு வழியாக ஒரு விரலை நீட்டினேன். அதன் உள்ளங்கால் என் கட்டைவிரல் அளவுதான் இருந்தது.

மறுநாள் பிற்பகல் அது போய்விட்டது. நுரையீரல் முதிரவில்லை என்றார்கள்.

மாப்பிள்ளைக்கு போனில் சொன்னது நான்தான். அடுத்த மாதம் பிரசவத்துக்கு வருவதற்காக லீவு வாங்கி வைத்திருந்தவர். அதை முன்னால் இழுத்து, டிக்கெட் கிடைத்து, கிளம்புவதற்குள் இவ்வளவும் நடந்துவிட்டது. லைன் போய்விட்டதோ என்று, "மாப்ள, மாப்ள" என்றேன். "இருக்கறேன் மாமா. நான் வர்ற வரைக்கும் கொழந்தய வச்சிருக்கச் சொல்லுங்க" என்றார். குளிர் அறையில் வைத்தார்கள்.

மூன்றாம் நாள் காலை டாக்டர் வந்து, மயக்க மருந்தைக் குறைக்கத் தொடங்கியிருக்கிறோம், பகலில் கண் விழிப்பாள் என்று சொன்னார். அவள் பிழைத்துவிட்டாள் என்று மூன்று பேரும் அழுதோம். அழுது முடித்தபோது அடுத்த பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. கண் விழித்தால் முதலில் எதைக் கேட்பாள் என்று மூவருக்கும் தெரியும்.

"பெட்டியில இருக்குதுன்னு சொல்லிடுங்க" என்றாள் மனைவி. "தையல் ஆறட்டும். அழுதா தையல் தாங்குமா?"

"ஆமாம் சம்பந்தி. நல்லா இருக்குது, உள்ள யாரையும் விட மாட்டேங்கறாங்கன்னு சொல்லுங்க. ஒரு வாரம் தள்ளலாம்" என்றார் சம்பந்தி அம்மாள்.

ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். போக வேண்டியது நான் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். பொய் சொல்லிப் பார்த்தேன், மனதுக்குள். நல்லா இருக்குதும்மா. பெட்டியில இருக்குதும்மா. எப்படிச் சொன்னாலும் அவள் என் முகத்தைப் பார்த்துவிடுவாள். உண்மையைச் சொல்வதானால் அதற்கு எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தெரியவில்லை. யார் யாரோ வளர்த்த மாடுகளுக்கு, நின்ற இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்த வாய் எனக்கு.

மாப்பிள்ளை பதினொரு மணிவாக்கில் வந்தார். சென்னையில் இறங்கி நேராக வருகிறார், தோளில் ஒரே ஒரு பை. அவருடைய அம்மா எழுந்து ஓடி அவர் மேல் விழுந்து அழுதார். அவர் அம்மாவைப் பிடித்து உட்கார வைத்தார். வரும்போதே கீழே குளிர் அறைக்குப் போய்விட்டு வந்திருக்கிறார் என்பது பார்த்ததும் தெரிந்தது. கண்கள் அப்படி இருந்தன. என் முன்னால் வந்து நின்றார். உள்ளே போகும்போது என்ன சொல்வது என்று நாங்கள் பேசி வைத்திருந்ததை நான் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். பெட்டியில் இருக்கிறது என்று, ஒரு வாரத்துக்கு மட்டும்.

அவர் தலையை ஆட்டினார். சரி என்கிறார் என்று நினைத்தேன்.

"வேணாம் மாமா. நீங்க யாரும் முந்திக்கினு ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். "பொண்ணுன்னா ஒரு பேரு வச்சிருந்தோம், அவளும் நானும். அந்தப் பேரச் சொல்லித்தான் அவகிட்ட சொல்லணும். நான் சொல்லிக்கறேன்."